பிரின்சிபால் சிலுப்புன கதை

எங்க காலேஜுல மாணவர் பேரவைன்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல, அதைய உண்டாக்குனதே நாந்தானுங்க.

பொய்யுங்க. நான் உண்டாக்குனது டீ மட்டுந்தான். அதுலயும் பாதி மாடு குடுத்தது, மீதி தண்ணி டேங்கு குடுத்தது. நான் நடுவுல நின்னு ஆத்துனேன், அவ்வளவுதான். ஆனா பேரவைக்கு மொத ஓட்டுப் பொட்டி குடுத்தது நான். அது நெசம். முறுக்கு டின்னு. அந்த டின்னு பண்ணுன கூத்தைக் கேட்டீங்கன்னா, மேல சொன்ன பொய்யை நீங்களே மன்னிச்சு உட்ருவீங்க.

நான் யாருன்னு சொல்லீர்றேன். சங்ககிரிக்கு அக்கட்டால, மெயின் ரோட்டுலருந்து ரெண்டு மைல் உள்ள, சோளக்காட்டுக்கு நடுவுல பல்கலைக்கழகத்துக்காரங்க கட்டிவெச்ச காலேஜு. அதுல கேண்டீன் மாஸ்டர் நானு. பசங்களும் மாஸ்டர்ங்கறாங்க, வாத்தியாருமாரும் மாஸ்டர்ங்கறாங்க. வெளியூர்லருந்து வந்தவரு ஒருத்தரு ஒருதாட்டி, "நீங்க எந்த டிபார்ட்மெண்டுங்க சார்"னு கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுப்போட்டாரு. "பஜ்ஜி டிபார்ட்மெண்டுங்க"ன்னேன். கும்புட்ட கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம மனுசன் தவிச்சுப்போனாரு. நான் மூணாப்பு. மூணாப்புல சேந்தேன்னு வேணும்னா சொல்லலாம், படிச்சேன்னு சொன்னா அந்த டீச்சரம்மா கோவிச்சுக்கும். மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத ஆளுன்னு என்ற சம்சாரம் சொல்லும். எங்கூருல மழ எங்கீங்க பேஞ்சுது, ஒதுங்கறதுக்கு?

பேரவை மலருக்கு எல்லாரும் எழுதறாங்க, மாஸ்டரும் எழுதோணும்னு புள்ளைங்க புடிச்சுக்கிட்டாங்க. எழுத வராதுன்னேன். "நீங்க பேசுங்க, ஃபோனு எழுதிக்கும்"னு கல்லாப் பொட்டி மேல ஃபோனை வெச்சுட்டுப் போயிட்டாங்க. அதான் பேசிட்டிருக்கேன். நடுவுல எங்கியாவது "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி"ன்னு வந்துருந்தா, அது கதையில சேராதுங்க.

பேரவைக்கு வாரேன்.

பல்கலைக்கழகத்துலருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. ஒவ்வொரு காலேஜுலயும் மாணவர் பேரவை இருக்கோணும், பசங்களே ஓட்டுப் போட்டு ஆளெடுக்கோணும், பசங்க கொறையை அவங்கதான் பேசித் தீக்கோணும்னு. எங்க பிரின்சிபால் ஐயா அதைப் படிச்சாரு. படிச்சுட்டு, "பாக்கலாம்"னாரு.

இந்தப் பாக்கலாமைப் பத்திச் சொல்லியாகோணும். ஐயா தங்கமான மனுசன். ஒருத்தரையும் ஒரு சொல்லு வையமாட்டாரு. ஆனா எதைக் கேட்டாலும் சரீங்கவும் மாட்டாரு, ஆகாதுங்கவும் மாட்டாரு. பாக்கலாம். அவ்வளவுதான். கேண்டீன்ல ஃபேன் சுத்தலீங்கய்யான்னு ஒருநாள் போய் நின்னேன். "பாக்கலாம்ப்பா"ன்னாரு. அன்னையிலருந்து நானும் ஃபேனும் ஒருத்தரையொருத்தரு பாத்துட்டுத்தான் இருக்கறோம்.

கடுதாசி ஒரு வருசம் மேசை மேல கெடந்துச்சு. அப்பறம் மேலருந்து காலேஜைப் பாக்க ஆளுங்க வாராங்க, பேரவை எங்கன்னு கேப்பாங்கன்னு சேதி வந்துச்சு பாருங்க, ஒரே வாரத்துல தேர்தல்னுட்டாங்க. நடத்தறதுக்குப் பொறுப்பு பீட்டி சாரு. வெளையாட்டு வாத்தியாரு. கழுத்துல எந்நேரமும் விசிலு தொங்கும். கல்யாணத்துல தாலி கட்டறப்பவும் அவரு விசிலைக் கழட்டலைன்னு ஒரு பேச்சு. நான் பரப்பி உட்டதுதான்.

தேர்தலுக்கு மொத நாள் பொழுதோட பீட்டி சாரு கேண்டீனுக்கு வந்தாரு.

"மாஸ்டரு, ஓட்டுப் பொட்டி வேணும். ஒரு அட்டப்பொட்டி கிட்டப்பொட்டி எதாச்சும் இருக்குதா?"

இல்லீங்கன்னு சொல்லியிருந்தா கதை அங்கியே முடிஞ்சிருக்கும். என்ற வாயி சும்மா இருக்குமா? "அட்டப்பொட்டியெல்லாம் கௌரவக் கொறச்சலுங்க சார். நான் எத்தன எலெக்சன் பாத்தவன்! உடுங்க எங்கிட்ட"ன்னேன். நான் பாத்த எலெக்சனெல்லாம் வரிசையில நின்னு பாத்ததுதான். செவ்வாய்ப்பேட்டையில வாங்குன முறுக்கு டின்னு ஒண்ணு பெருசா கெடந்துச்சு. மூடியில ஆக்சா பிளேடுல நீட்டமா ஒரு கீறு கீறி, சந்தனங் குங்குமம் வெச்சு, மஞ்சத்துணி கட்டிக் குடுத்தேன். எல்லாம் பண்ணுனேன். டின்னைக் கழுவ மட்டும் மறந்துட்டேன்.

சேர்மனுக்கு ரெண்டு பேரு நின்னாங்க.

ஒண்ணு மேச்சேரிப் பையன். ஆஸ்டல்ல தங்கி வரலாறு படிக்கறவன். ஊட்டுல பெரிய ஆட்டுப்பட்டி. வாயத் தொறந்தா ஆட்டுல ஆரம்பிச்சு ஆட்டுலதான் முடிப்பான். "மாஸ்டர்ணா, உங்க டீயி குட்டி போட்ட ஆட்டுக்கு வெக்கற கஞ்சியாட்டமே இருக்குதுங்ணா"ம்பான். "அப்ப உனக்குப் புடிக்கோணுமே சாமி"ம்பேன். அவன் ஓட்டு கேட்டது, ஆஸ்டல்ல ஞாயித்துக்கெழமை கறிச்சோறு போடறேன்னு.

இன்னொண்ணு கொமாரபாளையத்துப் புள்ள. கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருசம். அப்பன் விசைத்தறி வெச்சு ஓட்டறவரு. பொறந்ததுலருந்து தறிச்சத்தத்துக்கு மேல பேசிப் பேசி, அந்தப் புள்ளைக்கு மெதுவாப் பேசறதுன்னா என்னன்னே தெரியாது. இங்க வந்து "ஒரு டீ"ன்னு சொன்னா ஆபீஸ்ல இருக்கறவங்க எந்திரிச்சுப் பாப்பாங்க. அது ஓட்டு கேட்டது ஒண்ணே ஒண்ணுக்கு. செகண்ட் ட்ரிப் பஸ்ஸு.

அது என்னன்னா, எங்க காலேஜுக்கு இருக்கறது ஒரே பஸ்ஸு. நாலு மணிக்குக் கெளம்பீரும். கெமிஸ்ட்ரி லேப் முடிய அஞ்சாகும். பஸ்ஸைப் புடிச்சா லேப்பு போச்சு, லேப்பைப் புடிச்சா பஸ்ஸு போச்சு. அப்பறம் ரெண்டு மைல் நடந்து மெயின் ரோட்டுல நின்னு, வர்ற டவுன் பஸ்ஸுல தொங்கி, ஊடு போய்ச் சேர எட்டாயிரும். அதே பஸ்ஸு ஒரு நடை போய்ட்டுத் திரும்பி வந்து, அஞ்சரைக்கு இன்னொரு நடை போகோணும். அதுதான் செகண்ட் ட்ரிப்.

"அது என்ன அம்மிணி, கறிச்சோறை உட்டுட்டு பஸ்ஸைப் புடிச்சுத் தொங்கறே?"ன்னு கேட்டேன்.

"எங்கப்பா கண்டிசனாச் சொல்லிட்டாருங்ணா. எட்டு மணிக்கு ஊட்டுக்கு வர்ற படிப்பு இந்த வருசத்தோட போதும்னு. ஊட்டுல ரெண்டு தறி ஆளு கெடைக்காம நிக்குது. மூணாம் வருசத்துக்குப் பீஸு கட்டறதுக்குள்ள பஸ்ஸு வந்தா நான் காலேஜு. வரலைன்னா தறி."

அந்தப் புள்ள மெதுவாப் பேசி நான் கேட்டது அன்னிக்கு ஒருநாள்தானுங்க.

தேர்தல் நடந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, ஜோரா நடந்துச்சு. எங்க பக்கத்துப் பசங்களுக்கு ஓட்டு கேக்கறதுன்னா கல்யாணத்துக்கு ஒறம்பரை, சொந்தபந்தத்தைக் கூப்படற மாதிரிதான். கிளாஸ் கிளாஸாப் போயி, "நீங்க கண்டிப்பா வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க"ன்னாங்க. ஒரு கிளாஸ்ல, "மொய் எவ்வளவு வெக்கோணும்?"னு கேட்டுருக்கானுங்க.

சாயந்தரம் எண்ணறதுக்கு டின்னைத் தொறந்தாங்க. உள்ளாற இருந்த சீட்டெல்லாம் முறுக்கெண்ணெய குடிச்சுப்போட்டு, கண்ணாடி மாதிரி நிக்குது. மடிச்ச மடிப்புல, உள்ள யாருக்கு டிக்கு அடிச்சிருக்குன்னு வெளியில பளிச்சுனு தெரியுது. ரகசிய ஓட்டுன்னு ஒரு வாரமா பீட்டி சாரு பாடம் நடத்துனாரு. கடைசியில ஒரு சீட்டைக்கூடப் பிரிக்காம எண்ணி முடிச்சுட்டாரு.

"மாஸ்டரு!"ன்னு ஒரு சத்தம். விசில வேற ஊதுனாரு.

"வேலை சுளுவாப் போச்சுங்கல்ல சார்"னேன். அவரு பாத்த பார்வையில நான் முறுக்காட்டம் நொறுங்கிப்போனேன்.

பதினோரு ஓட்டுல அந்தப் புள்ள செயிச்சுது. மேச்சேரிப் பையன் உடுவானா? மறுக்கா எண்ணோணும்னான். சரின்னு மறுநாள் காத்தால டின்னைத் தொறந்தா, ராத்திரியெல்லாம் எறும்பு வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிருக்குது. சீட்டு எது, எறும்பு எதுன்னு தெரியல. எண்ணப் போன பையன் கையை உதறிட்டே வெளிய வந்து, "நான் தோத்துட்டேன்னே வெச்சுக்கங்க"ன்னுட்டான். பாவம்னு அவனைச் செக்ரட்டரி ஆக்கிப்போட்டாங்க.

அப்பறம் ஆட்சி ஆரம்பிச்சுது. பேரவைக்குன்னு ரூமு கேட்டதுக்கு ஐயா பாக்கலாம்னுட்டாரு. அதனால கூட்டமெல்லாம் என்ற கேண்டீன்லதான். என்ற காதுல உழுகாத தீர்மானம் ஒண்ணு கெடையாது. அதனால சொல்றேன், அந்தப் பேரவையில சும்மா மெம்பருன்னு ஒருத்தனுமே இல்ல. பண்பாட்டுச் செயலாளரு, தண்ணித்தொட்டிச் செயலாளரு, சைக்கிள் ஸ்டாண்டுச் செயலாளரு. ஆளுக்கொரு பதவி. எல்லாரும் உத்தரவு போடறாங்க, கேக்கறதுக்குத்தான் ஆளு இல்ல. ரெண்டு கூட்டம் நெஞ்சுல குத்தற பேட்ஜு என்ன கலர்னு பேசியே போச்சு.

மூணாவது கூட்டத்துல மொத தீர்மானம் நெறவேறுச்சு. எதைப் பத்தி? கேண்டீன் டீயைப் பத்தி. தண்ணியா இருக்குதாம். கண்காணிக்க ஒரு குழுவாம். பொட்டி குடுத்தவனுக்கே மொத ஆப்பு! என்ற கேண்டீன்ல, என்ற பெஞ்சுல உக்காந்து, என்ற டீயைக் குடிச்சுக்கிட்டே கையத் தூக்கறானுங்க. நானும் ஒரு வேகத்துல கையத் தூக்குனேன். "உங்களுக்கு ஓட்டு இல்லீங்ணா"ன்னு செக்ரட்டரி சொல்லிட்டான். "எதுத்து ஓட்டுப் போடல சாமி, காலி கிளாஸைக் குடுங்கன்னு கேட்டேன்"னேன்.

ஆனா அந்தக் கொமாரபாளையத்துப் புள்ள மட்டும் ஒவ்வொரு கூட்டத்துலயும் கடைசியா பஸ்ஸை எடுத்துரும். தீர்மானம் எழுதி ஐயாகிட்டக் கொண்டுபோகும். ஐயா படிப்பாரு, "பாக்கலாம்மா"ம்பாரு. செக்ரட்டரி நோட்டுல "பாக்கலாம்"னு எழுதிக்குவான். ஏழு தீர்மானம், ஏழு பாக்கலாம். தை மாசமும் பொறந்துருச்சு. ஏழாவதுக்கு அப்பறம் எல்லாரும் கேண்டீனுக்கு வந்தாங்க. அந்தப் புள்ள டீயை ஆற வெச்சு உக்காந்திருந்துச்சு.

மேச்சேரிப் பையன்தான் சொன்னான்: "ஐயா, கோயில்ல நிக்கற கெடாயாட்டங்ணா. நாம எத்தன தண்ணி தெளிச்சாலும் சிலுப்ப மாட்டேங்கறாரு."

இது எங்க பக்கத்து ஆளுங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கோயில் நோம்பியில கெடா வெட்டறதுக்கு மின்னால, அது மேல மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டு எல்லாரும் காத்துக்கிட்டு நிப்பாங்க. கெடா உடம்பைச் சிலுப்பி ஒரு உதறு உதறோணும். உதறுச்சுன்னா சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு அர்த்தம். உதறாத வரைக்கும் அருவாளைத் தூக்க மாட்டாங்க. மணிக்கணக்கா நிப்பாங்க. பூசாரி கெஞ்சுவாரு, ஊரே கையெடுத்துக் கும்புடும். சிலுப்புன அந்த நொடி இருக்குது பாருங்க, தாரை தப்பட்டையெல்லாம் ஒண்ணா அடிக்கும், எல்லாரும் சத்தம் போடுவாங்க. அதுக்கப்பறம் இல்லைங்கற பேச்சே கெடையாது.

ஐயாவைக் கெடாயோட சேத்துச் சொல்றனேன்னு நெனைச்சுக்காதீங்க. கெடா கோவிச்சுக்காது.

எட்டாவது தீர்மானத்துக்கு ஐயா ஒரு வார்த்தை சேத்துச் சொன்னாரு. "அஞ்சரை வரைக்கும் பொம்பளப் புள்ளைங்க இந்தக் காட்டுக்குள்ள எங்கம்மா உக்காந்திருக்கும்? கேண்டீனாச்சும் தெறந்திருந்தா ஒரு வெளிச்சம், ஒரு ஆளுன்னு இருக்கும். பாக்கலாம்."

அந்தப் புள்ள நேரா எங்கிட்ட ஓடியாந்துச்சு. "மாஸ்டர்ணா, அஞ்சரை வரைக்கும் கேண்டீனைத் தெறந்து வெக்கறேன்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்ணா. அது போதும்."

இப்ப நெசத்தைச் சொல்லியாகோணும். நானும் அந்த நாலு மணி பஸ்ஸுலதான் ஊட்டுக்குப் போவேன். அஞ்சு மணிக்கு எங்கூரு வேலமரத்தடியில தாயக்கட்டை ஆட்டம். நான் இல்லாம ஆட்டம் ஆரம்பிக்காது. ஆரம்பிக்காதுன்னு நான் சொல்லிக்குவேன், அவனுங்க அது பாட்டுக்கு ஆடிட்டிருப்பானுங்க. அஞ்சரை வரைக்கும் இங்க நின்னா தாயம் போச்சு. அதுபோக டீயில தண்ணின்னு தீர்மானம் போட்டவங்கதானே, கெடக்கட்டும்னு ஒரு கருவல் வேற. அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்காம, கிளாஸைக் கழுவிக்கிட்டே சொன்னேன்:

"பாக்கலாம் அம்மிணி."

திரும்பிப் பாத்தேன். "நீங்களுமாங்ணா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருச்சு. கழுவுன கிளாஸையே நான் மறுக்கா கழுவிட்டிருந்தேன்.

நாலு நாள் கழிச்சு ஐயா ரூமுல கூட்டம். பேரவை ஆளுங்க ஏழெட்டுப் பேரு, பீட்டி சாரு, ஆபீஸ் சூப்பிரண்டு அம்மா. அந்தம்மா ராசிபுரத்துக்காரங்க, கோப்புல ஒரு கமா தப்பா இருந்தாலும் திருப்பி அனுப்புவாங்க. டீயும் தண்ணியும் கொண்டாரச் சொல்லி எனக்கு ஆளு வந்துச்சு. நான் உள்ள போறப்ப அந்தப் புள்ள நின்னுக்கிட்டுப் பேசிட்டிருக்குது. அதே தறிச்சத்தம்.

"ஐயா, வேணும்னு சொல்லுங்க, இல்ல வேண்டாம்னு சொல்லுங்க. வேண்டாம்னா நான் இன்னைக்கே சேர்மன் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். ஊட்டுல தறி எனக்கோசரம் நிக்குது. ஆனா எனக்குப் பொறவு வர்ற புள்ளைங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியோணும்."

ஐயா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. வாயி "பா"ன்னு தொறந்துச்சு.

அந்த நேரத்துல நான் ஒரு முடிவெடுத்தேன். ஒரு புள்ள படிப்புக்காக, பிரிட்ஜுல வெச்சிருந்த தண்ணி ஜக்கை எடுத்து, அப்படியே ஐயா பொடணியில சாச்சேன்.

இதைத்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். இதுவும் பொய்யுங்க. என்ற செருப்பு வாரு அந்து ஊக்கு குத்தி வெச்சிருந்தேன். ஊக்கு கழண்டுருச்சு. செருப்பு ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன், ஜக்கு ஐயா பக்கம் போச்சு. அரை ஜக்கு ஐஸ் தண்ணி சட்டைக் காலருக்குள்ள எறங்கிருச்சு.

ஐயா சிலுப்புனாரு பாருங்க! தலை, தோளு, கன்னம், வயிறு, எல்லாம் ஒவ்வொண்ணாச் சிலுப்புச்சு. "புர்ர்ர்"னு ஒரு சத்தம் வேற.

அப்பறம் மேச்சேரிப் பையன், பொறந்ததுலருந்து பாத்துப் பாத்துப் பழகுன பழக்கம், தன்னை மறந்து எந்திரிச்சான்:

"சிலுப்பிருச்சு! உத்தரவு குடுத்துருச்சு!"

அவ்வளவுதான். பசங்க அத்தனை பேரும் "ஓ"ன்னு கத்தறாங்க. ஒருத்தன் மேசையை தப்பட்டையாட்டம் அடிக்கறான். பீட்டி சாரு கையி தானா விசிலுக்குப் போயி, நீட்டமா ஒரு ஊது ஊதிருச்சு. சூப்பிரண்டு அம்மாவைப் பாத்தேன். கோப்பைக் கீழ வெச்சுட்டு, ரெண்டு கையும் எடுத்து, கண்ணை மூடிக் கும்புட்டுட்டு நிக்குது. கண்ணைத் தொறந்து பாத்து, கையை வெடுக்குனு எறக்கி, முந்தானையச் சரி பண்ணுச்சு.

நான் தரையில குப்புறக் கெடக்கறேன். வேலை போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். தாயம் ஆட நாள் பூரா நேரங் கெடைக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஐயா கைக்குட்டையில மூஞ்சியத் தொடைச்சாரு. என்னையப் பாத்தாரு. பசங்களைப் பாத்தாரு. சூப்பிரண்டு அம்மாவை நெம்ப நேரம் பாத்தாரு. அவரும் இந்தப் பக்கட்டு மனுசன்தானுங்களே. மீசை ஒரு ஓரமா நடுங்குச்சு. கோவத்துலன்னு நெனைச்சேன். சிரிப்பை அடக்கறாரு.

"எங்கூருலயும் இதேதான்யா"ன்னாரு. "சிலுப்புன கெடாயைப் பட்டிக்குத் திருப்பி ஓட்டிட்டுப் போக முடியாது. எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்."

எனக்குத் தெரிஞ்சு அவரு பாக்கலாம் இல்லாமப் பேசுன மொதப் பேச்சு அதுதான்.

நான் மெதுவா எந்திரிச்சு, ஒத்தச் செருப்போட கதவுப் பக்கம் நழுவுனேன்.

"நில்லுப்பா. தண்ணி தெளிச்ச பூசாரி பாதியில போனா எப்படி? அஞ்சரை வரைக்கும் கேண்டீன் தெறந்திருக்கோணும். சரியா?"

என்ற வாயில பாக்கலாம்தான் வந்துச்சு. அந்தப் புள்ள என்னையவே பாத்துட்டு நின்னுச்சு. "சரீங்கய்யா"ன்னேன்.

ஆனா சூப்பிரண்டு அம்மா சும்மா உடல. கும்புட்டு மாட்டிக்கிட்ட வெக்கம் இருக்குமுங்கல்ல, கோப்புல ஒரு வரி சேத்துருச்சு. ஒரு மாசம் வெள்ளோட்டம். தெனமும் படிக்கறவங்க மட்டுமே இருவது பேராச்சும் ஏறோணும். ஒருநாள் கொறஞ்சாலும் செகண்ட் ட்ரிப் நின்னுரும். ஏறற தலையை எண்ணறது பீட்டி சாரு.

மொத வாரம் கூட்டம் பிதுங்குச்சு, புதுப் பஸ்ஸாட்டம். ரெண்டாவது வாரம் சுவாரசியம் போயிருச்சு. லேப் இருக்கறதே பத்துப் பன்னண்டு புள்ளைங்களுக்குத்தான். மீதிப் பேரு நாலு மணிக்கே ஊட்டுக்கு ஓடறாங்க. அந்தப் புள்ள தெனமும் கிளாஸ் கிளாஸா அலையும், லைப்ரரியில உக்காருங்க, அஞ்சரைக்கு வாங்கன்னு. தொண்டை கட்டிப்போச்சு. தறிச்சத்தமே நின்னுபோன மாதிரி ஆயிருச்சு எனக்கு.

நான் மூணாப்போட நின்னதுக்கு ஒருத்தரும் காரணமில்ல. நானே பையைக் கெணத்து மேட்டுல ஒளிச்சு வெச்சுட்டு ஓடுனவன். ஆனா ஒரு புள்ள படிக்கறேன் படிக்கறேன்னு நிக்குது, ஒரு பஸ்ஸுனால நின்னுபோச்சுன்னா அது எனக்கு ஒப்பல. அதனால ஒரு வேலை பண்ணுனேன். நாலு மணிக்கு பஸ்ஸு கெளம்பும்னா, சரியா மூணு அம்பத்தஞ்சுக்கு எண்ணெச்சட்டியில மொளகா பஜ்ஜியப் போட்டேன். வாசம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். "ரெண்டே நிமிசம் சாமி, வெந்துருச்சு, வெந்துருச்சு"ம்பேன். கையில பஜ்ஜி வர்றப்ப பஸ்ஸு கேட்டைத் தாண்டிரும். அப்பறம் எங்க போறது? எல்லாம் செகண்ட் ட்ரிப்தான். பொருளாதாரம் வாத்தியாரு ஒருத்தரே மூணு நாள் மாட்டுனாரு. கண்காணிப்புக் குழு வந்து, பஜ்ஜி வேக ஏன் இவ்வளவு நேரமாகுதுன்னு கேட்டுச்சு. "உள்ளுக்குள்ள வேகோணுமுங்க"ன்னேன்.

இப்படியே இருவத்தி ஒண்ணு, இருவத்தி நாலு, ஒருநாள் சரியா இருவதுன்னு ஓட்டிட்டு வந்துட்டோம். மாசத்துல கடைசி நாளு. அன்னிக்குன்னு பாத்து அக்கம்பக்கத்து ஊருல மாரியாத்தா நோம்பி. பாதிப் பேரு மத்தியானமே ஊருக்குப் போயிட்டாங்க. சரி, பஜ்ஜி இருக்குதுன்னு அடுப்பைப் பத்த வெக்கறேன், கேஸ் சிலிண்டரு காலி. மூணு அம்பத்தஞ்சு. எண்ணெ பச்சையா நிக்குது. நாலு மணி பஸ்ஸு எல்லாரையும் ஏத்திட்டுப் போயே போச்சு.

அஞ்சரைக்கு செகண்ட் ட்ரிப் பஸ்ஸு வந்து நின்னுச்சு. பீட்டி சாரு நோட்டோட படியில நிக்கறாரு. பின்னாலயே சூப்பிரண்டு அம்மா. நான் கேண்டீன் ஜன்னல்ல இருந்து எண்ணறேன். ஆஸ்டல்ல தங்கறவன், போறதுக்கு எடமே இல்லாத மேச்சேரிப் பையன்கூட ஏறி உக்காந்துட்டான். கொமாரபாளையத்துப் புள்ளையோட சேத்துப் பத்தொம்பது. அதுக்கு மேல ஒரு தலை இல்ல. அந்தப் புள்ள படியில ஒரு காலும் தரையில ஒரு காலுமா நிக்குது. கேட்டைப் பாக்குது, காட்டைப் பாக்குது, என்னையப் பாக்குது.

நான் பெஞ்சைப் பாத்தேன். யாரோ மறந்து உட்டுட்டுப் போன புஸ்தகப் பையி ஒண்ணு கெடக்குது. சமையலுக்குக் கட்டுற மேல்துணிய அவுத்துப் போட்டேன். தலையில தண்ணியத் தொட்டுப் படிய வாரிக்கிட்டேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டு, நேரா பஸ்ஸுப் படிக்குப் போய் நின்னேனுங்க. வயசு அம்பத்தி மூணு.

பீட்டி சாரு என்னைய மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. சூப்பிரண்டு அம்மா கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் பாத்துச்சு.

"எந்த டிபார்ட்மெண்டு?"ன்னாரு பீட்டி சாரு.

நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு...

"மாஸ்டர்ணா! ஏனுங்ணா, அஞ்சரை ஆச்சு, டிரைவரண்ணன் வண்டியெடுக்கறாரு! இன்னைக்கும் உங்களாலதான் லேட்டு! வாரீங்களா, உட்டுட்டுப் போகட்டுமா?"

கேட்டீங்களா சத்தத்தை? ஆபீஸே எந்திரிச்சுப் பாக்குது. இது கதையில இல்லீங்க, நெசமா இப்பக் கூப்படறது அந்தக் கொமாரபாளையத்துப் புள்ளதானுங்க. இப்ப மூணாம் வருசம். அது இந்தச் சத்தத்துல கூப்புட்டா நிக்க முடியாதுங்க. இதை உட்டா நான் ரெண்டு மைல் நடக்கோணும்.

வாரேன் அம்மிணி, வாரேன்! அடுப்பை அமத்திட்டு வாரேன், படியில செத்த நேரம் காலை வெச்சுக்கிட்டு நில்லு சாமி...